துண்டுக்குள் விலை, வெளியே மாடு

கொங்கு நாட்டுச் சந்தைகள் – 9

சென்ற வாரம் காதர்பேட்டைக் கடைகளில், ஏற்றுமதியில் மிஞ்சிய பனியன்கள் லாட்டு லாட்டாக விலைபோகும் விதத்தைப் பார்த்தோம். அங்கே வாங்குகிறவரும் விற்கிறவரும் பிழைப்புக்காகப் பேசுகிறார்கள். ஆகையால் இரு தரப்பிலும் கவனம் சிதறுவதில்லை. இந்த வாரம் எடுத்துக்கொள்ளும் விஷயம் அதற்கு நேர்மாறானது. பிழைப்புக்கு எவ்விதத்திலும் அவசியமில்லாமல், மனத்தின் உல்லாசத்துக்காகவே ஒருவர் ஒரு வாகனத்தை வாங்கப் புறப்படும்போது, அதற்கு நியாயமான விலை இன்னது என்று நிர்ணயிப்பது எவ்வாறு? நூல் விலை கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறிவிட்டால் இரவெல்லாம் உறக்கம் கொள்ளாத பனியன் கம்பெனி முதலாளி, குடும்பத்தோடு ஊர் சுற்ற ஒரு வேன் வாங்கப் போகையில், விற்பனைக்காரர் எழுதிக் காட்டும் தொகையைக் கூட்டிக்கூடப் பாராமல் தலையை அசைத்துவிட்டு வருகிறார் என்பது திருப்பூரில் பலரும் கண்டு சிரித்திருக்கும் வேடிக்கை. பிழைப்பில் இருக்கும் புத்தி உல்லாசத்தில் இருப்பதில்லை. விற்கிறவர்களோ இந்த மனித ஸ்வபாவத்தை வாங்குகிறவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள்.

உல்லாச வாகனம் என்பது இந்தச் சீமைக்குப் புதிதன்று. மோட்டார் வருவதற்கு முன்னரே, வசதியுள்ள குடித்தனக்காரர்களின் வாசலில் பாரவண்டிக்குப் பக்கத்தில் ஒரு சவாரி வண்டியும் நின்றது. பாரவண்டி வயலுக்கும் சந்தைக்கும் போகும். சவாரி வண்டி தேருக்கும் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் போகும். பழனிக்குப் புறப்பட்டால் கூட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, ஜமக்காளம் விரித்து, சட்டிபானை, அரிசி பருப்பு சகிதமாகப் போய், வழியில் மரத்தடியில் அவிழ்த்துவிட்டுப் பொங்கித் தின்று, வண்டிக்கடியிலேயே படுத்துறங்கி எழுந்து போவார்கள். இன்று படுக்கையும் அடுப்பும் வைத்துக் கட்டிய கேரவனை அமெரிக்க வாழ்க்கையின் ஆடம்பரமாக நாம் வியப்பது, நம் தாத்தாக்களின் பிரயாணத்தை மறந்துவிட்டதனால்தான்.

இவற்றிலெல்லாம் கலப்பற்ற உல்லாசத்துக்கு உதாரணமாக நிற்பது ரேக்ளா வண்டி. ஓர் ஆள் ஏறி நிற்கவோ குந்தவோ மட்டும் இடமுள்ள இலேசான வண்டி. அதில் மூட்டை ஏற்ற முடியாது, குடும்பத்தை ஏற்ற முடியாது. ஓடுவதைத் தவிர அதற்கு வேறு பிரயோஜனமே இல்லை. தென் மாவட்டங்களில் மைல் கணக்கில் ஓடவிடுவார்கள். பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கங்களிலோ 200 மீட்டர், 300 மீட்டர் என்ற குறுகிய தூரம் வைத்து, யார் குறைந்த நேரத்தில் கடந்தார் என்று வினாடியைப் பிளந்து கணக்குப் பார்ப்பார்கள். கடிகாரம் நடுவராக வந்துவிட்டபடியால் காளையின் விலையிலும் கடிகாரம் புகுந்துவிட்டது. இன்ன ஊர்ப் பந்தயத்தில் இத்தனை வினாடியில் ஓடிய ஜோடி என்றால் அதற்கு ஒரு விலை. ஓடிப் பார்க்காத காளைக்கு வேறு விலை. சட்டமும் அந்த விலையில் புகுந்து விளையாடியது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடைசெய்தபோது, ஓடுவதற்கென்றே வளர்த்த காளைகளைக் கட்டித் தீனி போடுவதற்கு நியாயமே இல்லாமற் போயிற்று. ஜல்லிக்கட்டுக்காக எழுந்த 2017 ஜனவரிக் கிளர்ச்சியின் பலனாகத் தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்ததும், அதை 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு ஏற்றுக்கொண்டதும், அந்தக் காளைகளுக்கு மீண்டும் கிராக்கியை உண்டாக்கின.

இந்தக் காளைகளின் விலை படியும் ஸ்தலங்களில் பிரசித்தமானது, வெள்ளகோவிலுக்கு அருகே ஓலப்பாளையத்தை அடுத்த கண்ணபுரத்தில், சித்திரைத் தேர்த் திருவிழாவை ஒட்டிக் கூடும் மாட்டுத்தாவணி. காங்கயம் இனத்துக்கு இது தாய்வீட்டுச் சந்தை. பழையகோட்டைப் பட்டக்காரர் பரம்பரையினர் தேர்ந்து பெருக்கிய அந்த இனத்தின் லட்சணங்களைச் சொல்லிக்கொண்டே போகலாம்: பிறக்கும்போது செந்நிறமாக இருந்து சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும் கன்று; திமிலும் கழுத்தும் கறுத்து நிற்கும் பூச்சிக்காளை; காயடித்தபின் அந்தக் கறுப்பு மங்கி வெளுத்துவிடும் எருது. வெயில் ஏறுவதற்குள், வரிசையாக அடித்த முளைகளில் மயிலைகளும் காரிகளும் செவலைகளும் கட்டப்பட்டு நிற்க, சாட்டையும் சலங்கையும் மூக்கணாங்கயிறும் விற்கும் கடைகளைத் தாண்டித் தரகர்கள் நடமாடத் தொடங்குவார்கள்.

முதற் பரீட்சை பல். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் இல்லை. கீழ்த்தாடையில் எட்டு உண்டு. ஏறக்குறைய இரண்டு வயதில் முதல் ஜோடி பாற்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். பிறகு ஆண்டுக்கு ஒரு ஜோடி என்று சொல்லத்தக்க அளவில் நாலு பல், ஆறு பல் என்று ஏறி, ஐந்து வயதுவாக்கில் கடைசேர்ந்துவிடும். தரகர் இடக்கையால் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தலையை உயர்த்தி, வலக்கைக் கட்டைவிரலால் கீழுதட்டை மடித்துப் பார்ப்பது ஒரு நொடி வேலை. அந்த நொடியில் விற்பவர் சொல்லும் வயது மெய்யா பொய்யா என்பது தெரிந்துவிடும். அடுத்தது மயிர்ச்சுழி. ராஜசுழி, கோபுரச் சுழி என்றால் விலை ஏறும். பாடைச் சுழி, விலங்குச் சுழி என்றால் எத்தனை வேகமாக ஓடும் காளையானாலும் பலர் தொடமாட்டார்கள். சுழி சாஸ்திரத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் விலையில் அதற்குள்ள சக்தியை நம்பாதிருக்க முடியவில்லை. நாளை நாம் விற்கப்போகும்போது நம்மிடம் வாங்க வருகிறவர் அதை நம்புவாரானால், நம்முடைய அவநம்பிக்கைக்குச் சந்தையில் காலணா மதிப்பில்லை. வெள்ளை நிற வாகனத்துக்கு மறுவிற்பனையில் மவுசு அதிகம் என்று சொல்லி வாங்குகிறவர்களும் ஒரு வகையில் சுழி பார்க்கிறவர்களே.

மூன்றாவதாக நடை. அவிழ்த்து, ஓட்டி, திருப்பி, நுகத்தில் பூட்டிப் பார்க்கிறார்கள். இடத்தில் பழகிய மாடு வலத்தில் சரியாக வராது. உங்கள் வீட்டில் வலத்துக்கு ஒரு நல்ல காளை ஏற்கெனவே நிற்குமானால், இடத்துக்குப் பொருந்தும் இந்தக் காளை பிறருக்கு எவ்வளவு பெறுமோ அதைவிட உங்களுக்கு அதிகம் பெறும். இந்த ரகசியம் விற்பவருக்குத் தெரிந்துவிட்டால் அவ்வளவுதான். விலை அங்கிருந்து கீழே இறங்காது. ஆகையால் விவரம் அறிந்தவர்கள் தாம் தூர நின்றுகொண்டு, தம் தேவையை அறியாத தரகரை முன்னே அனுப்புகிறார்கள்.

இத்தனையும் பட்டப்பகலில், பத்துப் பேர் சூழ நிற்க, யார் வேண்டுமானாலும் கருத்துச் சொல்லும்படியாக நடக்கிறது. விலை பேசும் கட்டம் வந்ததும் எல்லாம் மறைந்துவிடுகிறது. தரகர் தோள்துண்டை எடுத்து விற்பவருடைய கையின்மேல் போட்டு, அதற்குள் தம் கையை நுழைத்து விரல்களைப் பற்றுகிறார். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் இரண்டு, ஐந்தையும் பற்றினால் ஐந்து. அரைக்கும் காலுக்கும் உள்ள குறிகள் ஊருக்கு ஊர் மாறும். ஒன்று என்பது ஆயிரமா, பத்தாயிரமா, லட்சமா என்று யாரும் கேட்பதில்லை. அதை மாடே சொல்லிவிடுகிறது. வெளியே முகங்களில் எவ்விதச் சலனமும் இல்லை. மாட்டுக்காரர், "அதுக்குக் கட்டுபடியாகாதுங்ணா" என்று மட்டும் சொல்லிக் கையை மெதுவாக இழுப்பார், தரகர் விடமாட்டார், "இருங்ணா, இன்னொருக்காப் பாருங்" என்று மீண்டும் ஒரு விரலைத் தேடுவார்.

துண்டு என்பது ஏமாற்றுவதற்கான திரை என்று சிலர் எழுதியிருக்கக் கண்டிருக்கிறேன். தரகர் இரு பக்கமும் வெவ்வேறு தொகை சொல்லி நடுவில் சுருட்டுவதற்கு அது இடம் தருகிறது என்பதை மறுக்க முடியாது. இருந்தபோதிலும் அதற்கு ஒரு குணம் உண்டு. குறைந்த விலை கேட்டது ஊருக்குக் கேட்காது. ஆகையால் விற்பவருக்கு அவமானமில்லை, அடுத்து வருகிறவர் அந்தத் தொகையைப் பிடித்துக்கொண்டு பேரத்தை ஆரம்பிக்கவும் வழியில்லை. அதிகம் கேட்டுவிட்டவரும் கௌரவம் கெடாமல் இறங்கலாம். விலை மறைவில் இருக்கிறது. மாடு வெளிச்சத்தில் நிற்கிறது.

பழைய வாகனம் விற்கும் இடத்துக்கு வாருங்கள். இந்த ஏற்பாடு தலைகீழாகிவிடுவதைப் பார்க்கலாம். அங்கே கண்ணாடியில் விலை பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. மறைவில் இருப்பது வாகனம். எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எங்கே மோதியது, எந்த வெள்ளத்தில் நின்றது என்பதெல்லாம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வு ஒரு சந்தையையே எப்படிக் கெடுக்கும் என்பதை அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970-ல் பழைய கார்களையே உதாரணமாக வைத்து விளக்கினார். நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாதபோது வாங்குபவர் இரண்டுக்கும் நடுவான ஒரு விலையே தருவார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்க மனமின்றி விலகிக்கொள்ள, சந்தையில் மோசமானவையே மிஞ்சும். 2001-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். கண்ணபுரத்துத் தரகர் கீழுதட்டை மடித்துப் பார்ப்பது அந்த ஏற்றத்தாழ்வை ஒரு நொடியில் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

வேனுக்கும் பல் உண்டு. டயரின் பக்கவாட்டில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் பதித்திருக்கும். 2319 என்று இருந்தால் அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்த டயர் என்று பொருள். முப்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்று காட்டும் வண்டியில் நான்கு டயரும் மாற்றப்பட்டிருந்தால், அல்லது கிளட்ச் மிதியின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால், மீட்டரைவிட ரப்பரையே நம்பலாம். இருக்கையின் அடித்தண்டவாளங்களில் துரு ஏறியிருக்கிறதா, தரைவிரிப்பைத் தூக்கினால் சேற்று வாடை வருகிறதா என்று பார்ப்பது, 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் ஏலத்தில் போய்ப் பல ஊர்களுக்கும் பரவியதிலிருந்து வாங்குகிறவர்கள் கற்றுக்கொண்ட வித்தை.

சரி, வண்டி இன்னதென்று தெரிந்துவிட்டது. விலையை எங்கிருந்து தொடங்குவது? விற்பவர் ஒட்டிய சீட்டிலிருந்து தொடங்கினால் பேரம் அவர் போட்ட கோட்டுக்குள்ளேயே நடக்கும். இரு தரப்பையும் சாராத ஓர் எண் வண்டியின் இன்சூரன்ஸ் பத்திரத்திலேயே அச்சாகியிருக்கிறது, ஐ.டி.வி. என்று அதற்குப் பெயர். உற்பத்தியாளரின் பட்டியல் விலையிலிருந்து முதல் ஆறு மாதத்துக்கு 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாம் ஆண்டில் 20, மூன்றாம் ஆண்டில் 30, நான்காம் ஆண்டில் 40, ஐந்தாம் ஆண்டில் 50 என்று தேய்மானம் கழித்து வரும் தொகை அது. அதுவே சந்தை விலை என்று சொல்லமாட்டேன். ஓடும் வண்டிக்குச் சில சமயம் அதைவிடக் கூடுதலாகவும் கிடைக்கும். பேச்சைத் தொடங்குவதற்கு நாணயமான ஓரிடம், அவ்வளவே. அங்கிருந்து டயருக்கும் பாட்டரிக்கும் ஏ.சி. பழுதுக்கும் கழித்துக்கொண்டு வரலாம்.

புதிய வண்டியானால் கணக்கு இன்னும் எளிது. ஆனால் அதைத்தான் யாரும் போடுவதில்லை. ஷோரூம் விலைக்கும் ஆன்ரோடு விலைக்கும் நடுவே வரும் தொகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். சாலை வரியும் பதிவுக் கட்டணமும் அரசாங்கத்துக்குப் போவன, அவற்றில் பேரமில்லை. இன்சூரன்ஸை அந்தக் கடையில்தான் எடுக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் கிடையாது. வெளியே விலை கேட்டுக்கொண்டு வந்தால் அவர்கள் சொல்லும் தொகை இறங்குகிறதா இல்லையா என்று பாருங்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்கு 1 சதவீதம் டி.சி.எஸ். பிடிப்பார்கள்; அது செலவன்று, வருமான வரிக் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம். கம்பெனி பெயரில் வாங்கினால் ஜி.எஸ்.டி. திரும்பக் கிடைத்துவிடும் என்று நண்பர் யாராவது சொல்வார். ஓட்டுநரையும் சேர்த்து 13 பேர் வரை ஏறும் பயணி வாகனத்துக்கு, சாதாரண வியாபாரிக்கு அந்த வரவு கிடையாது என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு தெளிவாகச் சொல்கிறது. மேலும் ‘ஹேண்ட்லிங்’ என்ற பெயரில் ஒரு தொகை வந்தால், அது எதற்காக என்று கேட்டுவிட்டு மௌனமாக இருங்கள். பெரும்பாலும் மௌனமே போதுமானதாக இருக்கும்.

அமெரிக்காவில் 1958-ல் மன்ரோனி என்ற செனட்டர் கொண்டுவந்த சட்டப்படி புதிய கார் ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் விலை விவரம் ஒட்டியாக வேண்டும். கார்களை மனத்தில் வைத்து எழுதிய அந்தச் சட்டம் கேரவன் போன்ற சக்கரவீடுகளைக் கணக்கில் கொள்ளவில்லை. இந்தியானா மாநிலத்து எல்கார்ட் வட்டாரத்தில் பெருவாரியாகத் தயாராகும் அவற்றின் பட்டியல் விலையில் கணிசமாகத் தள்ளிக் கேட்பதே அங்கு வழக்கம். பட்டியலே அதை எதிர்பார்த்து ஏற்றி எழுதப்பட்டது என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். துண்டு மட்டும்தான் இல்லை.

நம் பக்கத்தில் அத்தகைய வண்டி வேண்டுமென்றால், பெரும்பாலோர் பயணி வேன் ஒன்றையோ வெறும் சேசிஸையோ வாங்கி, பாடி கட்டும் பட்டறைக்குக் கொண்டுபோகிறார்கள். பஸ் பாடிக்குப் பேர்போன கரூர் திருப்பூரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. நியாய விலை என்ற பிரச்சினை அதன் முழு ரூபத்தில் தோன்றுவது இங்கேதான். ஏனெனில் இங்கே வாங்கப்படுவது இன்னும் உண்டாகாத பொருள்.

இந்த இடத்தில் திருப்பூர்க்காரருக்கு உலகத்தில் வேறெவருக்கும் இல்லாத ஒரு தகுதி இருக்கிறது. 1970-களின் பிற்பகுதியில் இத்தாலிய வியாபாரி ஒருவர் வெள்ளை பனியனைத் தேடி இந்த ஊருக்கு வந்த நாள் முதலாக, திருப்பூர்க்காரர் மேசையின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து பேரத்தைத் தாங்கிப் பழகியவர். நூல், நிட்டிங், சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பாக்கிங் என்று ஒவ்வொன்றுக்கும் காசு போட்டு, வேஸ்டேஜ் சேர்த்து, தன் லாபத்தை வைத்து, கடைசியில் ஒரு பீஸுக்கு இன்ன விலை என்று கொடுத்தால், கடல் கடந்து வந்த பையர் அதைப் படித்தும் பாராமல், "பங்களாதேஷில் இதற்குக் குறைவு" என்று ஒரே வார்த்தையில் அடிப்பார். அடிக்கிற விலைக்கு ஆர்டரை ஒப்புக்கொண்டபின் என்ன நடக்கிறது என்பதும் திருப்பூர்க்காரருக்குத் தெரியும். 180 ஜி.எஸ்.எம். துணி 170-க்கு வழுக்கும்; ஓரத்தையலில் நெருக்கம் குறையும்; ஜாப் ஒர்க் செய்பவர் கூலியில் கை வைக்கப்படும். பையருக்குக் கிடைத்த விலை குறைந்தது போலத் தோன்றினாலும், அவருக்குக் கிடைத்த பொருளும் அதே அளவில் குறைந்துபோயிற்று.

அதே மனிதர் கரூருக்குப் போய், பட்டறைக்காரர் கொடுத்த கொட்டேஷனைப் படித்தும் பாராமல், "பக்கத்துப் பட்டறையில் இரண்டு லட்சம் குறைவு" என்று அடிக்கிறார்! அவர் கேட்க வேண்டியது வேறு. கூரைக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே வெப்பம் தடுக்க என்ன வைக்கப்போகிறார்கள், எத்தனை மில்லிமீட்டர்? தரைக்கு எந்த ரகப் பிளைவுட்? ஏ.சி.க்கும் விளக்குக்கும் ஒரே ஒயரா, தனித்தனியா, என்ன கனம்? தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் பின் அச்சின்மேல் எவ்வளவு பாரம் ஏறும்? இவற்றையெல்லாம் கொட்டேஷனில் வரிவரியாக எழுதச்சொல்லி, ஒவ்வொரு வரிக்கும் காசு போடச்சொல்லிவிட்டால், பேரம் தானாக நாகரிகமடைந்துவிடுகிறது. விலை அதிகமென்று தோன்றினால் ஒரு வரியை அடித்துவிடலாம். மரவேலையை எளிமையாக்கலாம், டி.வி.யை விட்டுவிடலாம். மொத்தத் தொகையை அடிக்கும்போது எந்த வரி குறையும் என்பதைத் தீர்மானிப்பவர் பட்டறைக்காரர். வரியை அடிக்கும்போது தீர்மானிப்பவர் நாம். அவர் லாபத்துக்கு ஒரு வரி வெளிப்படையாக இருக்கட்டும். அது மறைந்திருந்தால் பிளைவுட்டுக்குள்தான் மறைந்திருக்கும்.

கட்டிமுடித்த கேரவன் ஒன்றை மற்றொருவரிடமிருந்து வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைக் கறாராக உறுதிசெய்தது. இருக்கைகளைக் கழற்றிவிட்டு மெத்தையும் அடுப்பும் வைத்த வேனின் புத்தகத்தில் இன்னும் பழைய இருக்கைக் கணக்கே இருக்குமானால், அந்த மெத்தைக்கும் அடுப்புக்கும் சேர்த்து விலை கேட்பது நியாயமன்று. அதைப் பழையபடி ஆக்கவோ முறைப்படி அனுமதி பெறவோ ஆகும் செலவைக் கழித்துப் பேசலாம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் தகராறு செய்யக்கூடும் என்பதையும் விற்பவருக்கு நினைவூட்டலாம்.

மாட்டுத்தாவணியில் விலை படிந்து, அச்சாரம் கைமாறி, தரகு கொடுத்ததும், வாங்கியவர் தாம் கொண்டுவந்த புதுக் கயிற்றைக் கட்டி மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார். அந்த நிமிஷத்தோடு பழைய உடைமைக்காரருக்கும் மாட்டுக்கும் சம்பந்தம் அற்றுப்போகிறது. வாகனத்தில் அப்படியன்று. படிவம் 29, படிவம் 30 ஆகியவற்றில் கையொப்பமிட்டு, கடன் இருந்திருந்தால் நிதி நிறுவனத்தின் படிவம் 35-ஐயும் சேர்த்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாறும் வரையில், அந்த வண்டி மோதினால் நஷ்டஈடு கொடுக்க வேண்டியவர் புத்தகத்தில் பெயருள்ள பழைய உடைமைக்காரரே என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பெயர் மாற்றம் வாங்குபவரைப்போலவே விற்பவருக்கும் அவசியமானபடியால், விலையில் ஒரு பகுதியைப் பெயர் மாறிய அன்று தருவதாக நிறுத்திவைத்துக்கொள்ள இசைவு கேட்பதில் தவறில்லை. விவரம் அறிந்த விற்பனைக்காரர் மறுக்கமாட்டார். மறுப்பவரிடம் புத்தகத்தை வாங்கி, கடன் குறிப்பு ஏதேனும் அதில் இருக்கிறதா என்று இன்னொரு முறை படித்துப் பார்ப்பது நல்லது.

(அடுத்த வாரம்: அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தை)